ஆரஞ்சு வயருக்கு இந்தப் பக்கம்: மின் வாகனத்தை வீட்டிலேயே பராமரிக்கத் தொடங்குபவர்களுக்கு

முந்தின இரவு 80 சதவீதம் சார்ஜோடு நிறுத்திய கார். காலையில் ரிமோட்டை அழுத்தினால் கதவு திறக்கவில்லை. சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை எடுத்துத் திறந்து உட்கார்ந்தால் திரை இருட்டாக இருக்கிறது, அல்லது இருக்கிற எச்சரிக்கை விளக்கெல்லாம் ஒன்றாக எரிகிறது. புதிதாக மின் கார் வாங்கியவருக்கு வயிற்றைக் கலக்கும். "பெரிய பேட்டரி போச்சு!" என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் அதற்கு ஒன்றும் ஆகியிருக்காது. படுத்துவிட்டது மூலையில் கிடக்கும் 12 வோல்ட் சின்ன பேட்டரி.

மின் காருக்குள் ஓடுவது ஒரு மின்சாரம் இல்லை, இரண்டு. இந்த இரண்டும் எங்கே பிரிகின்றன, எங்கே ஒன்றை ஒன்று நம்பி நிற்கின்றன என்று தெரிந்துகொண்டால் எதில் கை வைக்கலாம், எதை எட்ட நின்று பார்க்க வேண்டும் என்பது தானாகவே புரியும்.

இரண்டு மின்சாரங்கள்

முதலாவது, எல்லாக் கார்களிலும் இருக்கும் 12 வோல்ட் சுற்று. விளக்கு, பூட்டு, வைப்பர், கணினிகள், பிரேக் கட்டுப்பாடு எல்லாம் இதில்தான். இதன் நெகட்டிவ் முனை காரின் உடலோடு இணைந்திருக்கும். இரண்டாவது, வண்டியை ஓட்டும் உயர் மின்னழுத்தச் சுற்று. பெரும்பாலான கார்களில் இது 350 முதல் 400 வோல்ட் வரை. புதிய சிலவற்றில் 800 வோல்ட். இந்தச் சுற்றின் வயர்களுக்கு வெளியுறை ஆரஞ்சு நிறம். சர்வதேச விதிமுறை நேர்மின்சாரத்தில் 60 வோல்ட்டுக்கு மேல், மாறுமின்சாரத்தில் 30 வோல்ட்டுக்கு மேல் போனாலே உயர் மின்னழுத்தம் என்று கணக்கிடுகிறது. 400 வோல்ட் அந்த எல்லையைப் போல ஆறு மடங்குக்கும் மேல்.

பெரிய சுற்றின் இரண்டு முனைகளில் எதுவும் காரின் உடலைத் தொடாது. இரண்டும் மிதந்து நிற்கும். ஆகவே மின்காப்பு (இன்சுலேஷன்) ஓர் இடத்தில் மட்டும் கெட்டால் உடனே யாருக்கும் ஷாக் அடிக்காது, சுற்று முழுமையாகவில்லை. ஆனால் வண்டி அதைக் கண்டுபிடித்துவிடும். காப்புத்தடை ஒரு வோல்ட்டுக்கு 100 ஓம் என்ற கணக்குக்குக் கீழே போனால், அதாவது 400 வோல்ட் பேட்டரிப் பேக்கில் 40 கிலோ ஓமுக்குக் கீழே இறங்கினால், அதை ஏற்க முடியாத நிலை என்று விதி சொல்கிறது. வண்டிகள் அதற்கு முன்பே எச்சரிக்கை காட்டும்படி அமைக்கப்பட்டிருக்கும். "காப்புக் கோளாறு" என்று திரையில் வந்தும் வண்டிதான் ஓடுகிறதே என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. முதல் கோளாறு அறிவிப்போடு போய்விடும். இரண்டாவது கோளாறு வேறோர் இடத்தில் வரும்போதுதான் உடல் அந்தச் சுற்றின் ஒரு பகுதியாகிறது.

சின்னது திறந்தால்தான் பெரியது

பெரிய பேட்டரி தன் பெட்டிக்குள் பூட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கும். பூட்டு என்பது கான்டாக்டர் எனும் தடித்த ரிலே. பாசிட்டிவுக்கு ஒன்று, நெகட்டிவுக்கு ஒன்று. கான்டாக்டர் 'மூடுவது' என்றால் சுற்று இணைவது, அதாவது பூட்டு திறப்பது. அவற்றை மூட வைக்கும் சுருள் 12 வோல்ட்டில் வேலை செய்வது. சின்ன பேட்டரியில் உயிர் இல்லையென்றால் பூட்டு திறக்காது, பெரிய பேட்டரியில் எவ்வளவு இருந்தாலும் வெளியே வராது.

வண்டியை ஆன் செய்யும்போது காது கொடுத்தால் 'டக்... டக்' என்று ஒன்றுக்கு மேற்பட்ட சத்தம் கேட்கும். முதலில் நெகட்டிவ் கான்டாக்டரும், ஒரு ரெசிஸ்டர் வழியாகச் செல்லும் சின்ன ரிலேயும் மூடுகின்றன. இன்வெர்ட்டருக்குள் (பேட்டரியின் நேர்மின்சாரத்தை மோட்டாருக்கு மாறுமின்சாரமாக்கும் பெட்டி) மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கெப்பாசிட்டர்கள் மெதுவாக நிரம்புகின்றன. அவை நிரம்பிய பிறகுதான் பாசிட்டிவ் கான்டாக்டர் மூடும். (எது முதலில் என்பது தயாரிப்பாளருக்கு ஏற்ப மாறும்.) நேராக மூடினால் கணநேரத்தில் பாயும் மின்னோட்டம் கான்டாக்டரின் முனைகளைப் பற்றவைப்பு போல ஒட்டவைத்துவிடும். ஒட்டிப்போன கான்டாக்டர் உள்ள வண்டியில் ஆஃப் செய்தாலும் ஆரஞ்சு வயரில் மின்சாரம் இருக்கலாம். "ஆஃப் பண்ணிட்டேன், பயமில்லை" என்ற பேச்சு ஏன் செல்லாது என்பதற்கு இதுவே போதும்.

கான்டாக்டர்கள் மூடியதும் டிசி-டிசி கன்வெர்ட்டர் விழித்துக்கொண்டு 400 வோல்ட்டிலிருந்து 14 வோல்ட் அளவுக்கு இறக்கிச் சின்ன பேட்டரியை நிரப்பத் தொடங்கும். பெட்ரோல் காரில் ஆல்டர்னேட்டர் செய்த வேலை இது. வண்டி 'ரெடி' நிலையிலோ (ஆன் ஆகி ஓடத் தயாராக) சார்ஜிலோ இருக்கும்போது 12 வோல்ட் பேட்டரியைக் கழற்றினாலும் கன்வெர்ட்டர் சுற்றைத் தாங்கிப் பிடிக்கும்; கான்டாக்டர்கள் மூடியபடியே இருக்கும். ஆகவே சின்ன பேட்டரியைக் கழற்றியது மட்டும் பாதுகாப்புக்கு ஆதாரம் ஆகாது.

சின்ன பேட்டரியைச் சோதிப்பது

பெட்ரோல் காரில் பேட்டரி சாகப்போவதை ஸ்டார்ட்டர் முனகிக் காட்டிக்கொடுக்கும். மின் காரில் அந்த முனகல் கிடையாது. கணினிகள் விழிக்கவும் கான்டாக்டர் மூடவும் சில பத்து ஆம்பியர் போதும் என்பதால், பாதி செத்த பேட்டரியும் கடைசி நாள் வரை சரியாக வேலை செய்து, ஒரு நாள் சட்டென்று நின்றுபோகும். அதனால் மீட்டர் வைத்துப் பார்ப்பது அவசியம்.

முதலில் பானெட்டைத் திறந்து வைத்துவிடுங்கள். கதவை மூடிப் பூட்டி, ரிமோட் சாவியை நாலைந்து மீட்டருக்கு அப்பால் கொண்டுபோய் வையுங்கள். சாவி அருகில் இருந்தால் சில வண்டிகள் தூங்கவே தூங்காது. இரண்டு மணி நேரம் கழித்து மல்ட்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து இரு முனைகளிலும் தொடுங்கள். ஈய பேட்டரியாக இருந்தால் 12.6 அல்லது அதற்கு மேல் முழுச் சார்ஜ். 12.2 என்றால் ஏறத்தாழ பாதி. 12-க்குக் கீழே என்றால் நன்றாகவே இறங்கிவிட்டது. அடிக்கடி அப்படி இறங்கிய ஈய பேட்டரி பழைய கொள்ளளவுக்குத் திரும்பாது.

பிறகு வண்டியை 'ரெடி'க்குக் கொண்டுவந்து அளக்க வேண்டும். 13 முதல் 14.7 வரை ஏதாவது ஓர் எண் காட்டினால் கன்வெர்ட்டர் வேலை செய்கிறது. 12 சொச்சத்திலேயே நின்றால் பேட்டரியை மாற்றிப் பயனில்லை. கோளாறு கன்வெர்ட்டர் பக்கம். அது ஆரஞ்சு வயருக்கு அந்தப் பக்கம்.

இரண்டும் சரி, ஆனாலும் வாரம் ஒருமுறை படுத்துவிடுகிறது என்றால் ஏதோ ஒன்று மின்சாரத்தைக் குடிக்கிறது. டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரை நெகட்டிவ் கேபிளில் மாட்டி, வண்டி தூங்கிய பின் பாருங்கள். 50 மில்லி ஆம்பியர் என்பது நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணி. 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதி காலியாக 18, 19 நாள் ஆகும், அது பரவாயில்லை. 300 மில்லி ஆம்பியர் என்றால் மூன்றே நாள். டேஷ் கேமராவும், ஓ.பி.டி. துளையில் (ஸ்கேன் கருவியை மாட்டும் இடம்) செருகி மறந்துபோன புளூடூத் டாங்கிளும் வழக்கமான குற்றவாளிகள். மணிக்கு நாலு தரம் போன் செயலியைத் திறந்து சார்ஜ் எவ்வளவு என்று பார்ப்பவர்களும் இந்தப் பட்டியலில் சேர்வார்கள்; ஒவ்வொரு கேள்விக்கும் வண்டி தூக்கம் கலைந்து எழுந்தாக வேண்டும்.

மாற்றும்போது: சார்ஜ் கேபிளைப் பிடுங்கி, வண்டியை ஆஃப் செய்து, கான்டாக்டர் திறக்கும் 'டக்' சத்தம் கேட்டபின் சில நிமிடம் விடுங்கள். பானெட்டோ டிக்கியோ மின்பூட்டில் இயங்குவது என்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டு அதை மூடவே கூடாது. நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள்; பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் ஸ்பேனர் போதும். பாசிட்டிவ் பிறகு. மாட்டும்போது தலைகீழ்: பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவைத் திருகும் ஸ்பேனர் காரின் உடலில் பட்டால் நேர் ஷார்ட் ஆகிவிடும். ஏ.ஜி.எம். வகை (அமிலம் கண்ணாடி இழைப் பாயில் ஊறியிருக்கும் ஈய பேட்டரி) இருந்த இடத்தில் ஏ.ஜி.எம். தான். பேட்டரி காரின் உட்புறம் இருந்தால் வாயு வெளியேறும் சின்னக் குழாயை மறக்காமல் மாட்டுங்கள். வெளிச் சார்ஜரால் ஏற்றும்போது நெகட்டிவ் கிளிப்பைப் பேட்டரி முனையில் கடிக்கவிடாமல் காரின் உலோக உடலில் மாட்டுவது நல்லது. முனையில் இருக்கும் மின்னோட்ட உணரி அப்போதுதான் உள்ளே போனதைச் சரியாகக் கணக்கெடுக்கும். சில புதிய டெஸ்லா கார்களில் இந்த இடத்தில் சுமார் 16 வோல்ட் லித்தியம் பேட்டரி இருக்கிறது. அதற்குச் சாதாரண 12 வோல்ட் சார்ஜர் ஒத்துவராது.

ஜம்ப் கொடுத்து மின் காரை எழுப்பலாம்; கைக்கு அடக்கமான ஜம்ப் பேக்கே போதும். மின் காரிலிருந்து பெட்ரோல் காருக்கு ஜம்ப் கொடுப்பதைப் பெரும்பாலான கையேடுகள் தடை செய்கின்றன. ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியருக்கு அந்தச் சின்ன பேட்டரியும் கன்வெர்ட்டரும் ஆனவை அல்ல.

உழைக்காமல் கெடும் பிரேக்

மின் காரில் பிரேக் பேட் தேயாது என்பது பாதி உண்மை. கால் எடுத்ததும் மோட்டாரே ஜெனரேட்டராகி வேகத்தைக் குறைத்துவிடுகிறது. டிஸ்க்கைப் பேட் கவ்வும் நேரம் குறைவு. உராயாத டிஸ்க்கில் துரு படிகிறது; பேட்டை அழுத்தும் கவ்வியான காலிப்பர் நகர உதவும் பின்கள் (கம்பிகள்) அசையாமல் இறுகுகின்றன. பேட்கள் தடிமனாக இருக்கும்போதே டிஸ்க் குழிவிழுந்து மாற்ற வேண்டிவரும். ஃபோக்ஸ்வேகன் ஐடி.3, ஐடி.4 கார்களின் பின்சக்கரத்தில் பழைய பாணி டிரம் பிரேக்கைப் பார்த்துக் கேலி செய்தவர்கள் உண்டு. மூடிய டிரம்முக்குள் ஈரமும் மண்ணும் எளிதில் புகாது. அபூர்வமாகவே வேலை செய்யும் பின்பிரேக்குக்கு அது பொருத்தம்தான்.

ஆண்டுக்கு ஒருமுறையாவது இந்தக் காலிப்பர் பின்களைப் பார்க்க வேண்டும். சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்துங்கள். ஜாக்கியைக் கையேட்டில் காட்டிய இடத்தில் மட்டும் வையுங்கள், நடுவில் ஒரு ரப்பர் கட்டை கொடுத்து. இரண்டு விரற்கடை உள்ளே தள்ளி வைத்தால் தாங்குவது பேட்டரிப் பெட்டியின் அடித்தகடாக இருக்கும். அது நெளிந்தால் செலவு பிரேக்கோடு நிற்காது. ஸ்டாண்ட் போடாமல் கை உள்ளே போகக் கூடாது.

காலிப்பரின் பின்புறம் இரண்டு போல்ட். இரண்டையும் கழற்றிக் காலிப்பரைத் தூக்கி, ஒரு கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸ் உள்ளே விரியும். இப்போது பின்னை இரண்டு விரலால் இழுங்கள். வெண்ணெயில் கத்திபோல வர வேண்டும். முறுக்கி இழுக்க வேண்டியிருந்தால் அங்கேதான் நோய். பழைய கிரீஸைத் துடைத்து, பிரேக்குக்கென விற்கும் சிலிகான் கிரீஸை மெல்லிசாகப் பூசுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பர் உறையை ஊதவைத்து மறுபடியும் இறுக்கிவிடும். உள்பேட்டும் வெளிபேட்டும் ஒரே தடிமனா என்று பார்க்க மறக்காதீர்கள். ஒன்று 9 மில்லிமீட்டர், மற்றது 4 என்றால் பின் இறுகியிருந்ததற்குச் சாட்சி வேறு வேண்டாம். பின்சக்கரத்தில் மின்சார ஹேண்ட்பிரேக் இருந்தால் முதலில் அதைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுபோன பிறகே பிஸ்டனைத் தள்ள வேண்டும். பலவந்தமாகத் தள்ளினால் உள்ளிருக்கும் சின்ன மோட்டாரின் பல்சக்கரம் உடையும்.

படிந்த மேல்துருவை நீக்க ஒரு சுலப வழி இருக்கிறது. ஆளில்லாத நேர்ச்சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றி (பெரும்பாலான வண்டிகளில் அப்போது மோட்டார் பிரேக் பிடிக்காது) சற்று அழுத்தமாகப் பிரேக் பிடியுங்கள். எட்டுப் பத்து முறை போதும். பிரேக் ஆயில் தேயாவிட்டாலும் ஈரத்தை உறிஞ்சும்: டாட்-4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்க வேண்டும், ஈரம் ஏறியபின் தரநிலை கேட்கும் குறைந்தபட்சம் 155. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது இதற்காகத்தான்.

டயருக்கு நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. வண்டி கனம், மோட்டாரின் திருகுவிசை உடனடி. காற்றழுத்தத்தைக் குளிர்ந்த நிலையில் பார்த்து, 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டால் போதும். கியர் ஆயில் மாற்றுபவர்களுக்கும் ஒரே சொல்: நிரப்பும் துளையின் போல்ட்டை முதலில் கழற்றிப் பாருங்கள், பிறகு வடிக்கும் போல்ட். வடித்துவிட்டு மேல் போல்ட் அசையவில்லை என்றால் ஆயில் இல்லாத வண்டியோடு நிற்க வேண்டியதுதான்.

எல்லை மங்கும் இடங்கள்

கூலன்ட்டும் ஏ.சி.யும் பார்ப்பதற்கு வழக்கமான வேலை போல இருக்கும். ஏமாற வேண்டாம்.

பல கார்களில் பேட்டரிக்குள்ளேயே கூலன்ட் ஓடுகிறது. செல்களுக்கும் அதற்கும் நடுவே மெல்லிய அலுமினியத் தகடுதான். அதனால் சில தயாரிப்பாளர்கள் மின்கடத்தும் திறன் குறைந்த கூலன்ட்டைக் கேட்கிறார்கள். குழாய்த் தண்ணீரில் கரைந்த உப்புகள் மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தையும் அரிக்கும். கொஞ்சம்தானே என்று ஒரு சொம்பு ஊற்றுவதுகூடக் காப்புக் கோளாறுக்கு விதை. நிறம் ஒன்றாக இருப்பதால் கூலன்ட் ஒன்றாகிவிடாது. கையேட்டில் எழுதிய குறியீட்டைப் பாருங்கள். தொட்டியில் மட்டம் இருக்கும் இடத்தில் ஒரு டேப் ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். மாதங்கள் போயும் மட்டம் அந்த டேப்பை விட்டு அசையக் கூடாது. தரையில் ஒரு சொட்டும் காணோம், மட்டம் மட்டும் இறங்குகிறது என்றால் நிரப்பிவிட்டு ஓட்டாதீர்கள். வெளியே வராத கூலன்ட் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. பேக்கின் உள்ளே என்பது சாத்தியமான ஒரு பதில். செவர்லே வோல்ட் கார் (பெயரைப் பார்த்து அலகு என்று குழம்ப வேண்டாம்) பேட்டரித் தொட்டியில் மட்டம் குறைந்தாலே சார்ஜ் ஏற மறுப்பது இந்த அச்சத்தால்தான்.

கூலன்ட்டைத் தானே மாற்றுபவர்கள் சறுக்கும் இடம் காற்றுக்குமிழ். எஞ்சினின் சுழற்சியில் ஓடும் பம்ப் இங்கே இல்லை. மின்பம்ப் ஓடும்போதுதான் காற்று வெளியேறும். அதைச் சர்வீஸ் மெனுவிலோ ஸ்கேன் கருவியிலோ ஓடவைக்க வேண்டும். நிரப்பியபின் தொட்டிக்குள் கொளகொளவென்று சத்தம் நிற்காவிட்டால் காற்று இன்னும் இருக்கிறது.

ஏ.சி. கம்ப்ரஸர் ஆரஞ்சு வயரில் ஓடுவது. மோட்டாரின் சுருள் குளிர்வாயுவிலும் எண்ணெயிலும் நனைந்தே இருக்கும் என்பதால் மின்காப்பு உள்ள பி.ஓ.ஈ. எண்ணெய்தான் அதற்கு. சாதாரணக் கார்களில் போடும் பி.ஏ.ஜி. எண்ணெய் மிகச் சிறிதளவு கலந்தாலும் காப்புத்தடை விழும். கசிவு பார்க்கும் சாயமும், பொதுவாகப் பயன்படுத்திய கேஜ் ஹோஸும்கூட அந்த எண்ணெயை ஏந்தி வரலாம். கேபின் ஃபில்டர் மாற்றுவதோடு ஏ.சி.யில் வீட்டு வேலை முடிகிறது.

சூடாகும் பிளக்

வீட்டு சாக்கெட்டில் செருகிச் சார்ஜ் செய்பவர்கள் ஒரு கணக்கை மனதில் வைக்க வேண்டும். 230 வோல்ட், 10 ஆம்பியர் என்றால் 2.3 கிலோவாட். இஸ்திரிப்பெட்டி இதில் பாதியை இழுக்கும், அதுவும் அரைமணி நேரம், விட்டுவிட்டு. கார் எட்டு மணி நேரம் விடாமல் இழுக்கும். சாக்கெட்டின் திருகு லேசாகத் தளர்ந்து 0.2 ஓம் தடை கூடிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். மின்னோட்டத்தின் இருமடி பெருக்கல் தடை: 100 பெருக்கல் 0.2, அதாவது 20 வாட். ஒரு பட்டாணி அளவு இடத்தில் 20 வாட் என்பது சுவருக்குள் ஒரு சால்டரிங் அயர்ன் வைத்தது போல.

சார்ஜ் தொடங்கி அரைமணி கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் நிறுத்திவிடுங்கள். பின்கள் பழுப்பேறியிருந்தால் சாக்கெட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும்; ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுத்துவிடும். சுருட்டிவைத்த எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டவே வேண்டாம்.

வண்டியின் சார்ஜ் துளைக்குள் மண், பூச்சிக்கூடு, பச்சை பூத்த பின் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கலாம். கேபிள் செருகாத நிலையில் உலர்ந்த தூரிகையும், எச்சம் விடாத கான்டாக்ட் கிளீனரும் போதும். எண்ணெய் ஸ்பிரே அடித்தால் தூசி வந்து ஒட்டிக்கொள்ளும். சார்ஜ் ஏறவில்லை என்றால் வேறு கேபிள், வேறு இடம் என்று மாற்றிப் பார்த்தாலே குற்றவாளி யாரென்று பாதி தெரிந்துவிடும்.

ரேஞ்ச் எக்ஸ்டென்டர்: ஓடாத எஞ்சின்

பேட்டரி தீர்ந்தால் மின்சாரம் தயாரிக்க ஒரு சின்ன எஞ்சினைச் சுமக்கும் வண்டிகளும் உண்டு. பி.எம்.டபிள்யூ. ஐ3 காரின் அத்தகைய வகையில் 647 சிசி இரட்டைச் சிலிண்டர் எஞ்சின் டிக்கியின் தரைக்குக் கீழே இருக்கிறது. 2023-இல் வந்த மாஸ்டா எம்.எக்ஸ்-30 ஆர்-ஈவி 17.8 கிலோவாட்-மணி பேட்டரியோடு 830 சிசி ஒற்றைச் சுழலி (ரோட்டரி) எஞ்சினைச் சுமக்கிறது.

இவற்றின் எஞ்சின் தேய்ந்து கெடுவதைவிடச் சும்மா கிடந்து கெடுவதே அதிகம். நாலு மாதத்தில் ஒருமுறை பத்து நிமிடம் ஓடி நின்றால் எண்ணெய் சூடேறாது. எரிபொருளிலிருந்து வரும் நீராவி உள்ளேயே குளிர்ந்து நீராகத் தங்கும், கொஞ்சம் பெட்ரோலும் எண்ணெயில் கலக்கும். எண்ணெய் மூடியின் அடியில் பால் திரிந்தது போன்ற படலம் தெரிந்தால் இதுதான் காரணம். சில நேரம் அதைப் பார்த்து ஹெட் கேஸ்கட் (கூலன்ட் எண்ணெயில் கலக்காமல் தடுக்கும் அடைப்பு) போய்விட்டது என்று பயந்து எஞ்சினைப் பிரித்துவிடுகிறார்கள். முதலில் எஞ்சின் கூலன்ட் குறைகிறதா என்று பாருங்கள், குறையவில்லை என்றால் வெறும் ஈரம்.

மருந்து எளிது. மாதம் ஒருமுறை, சார்ஜைப் பிடித்துவைக்கும் முறை வண்டியில் இருந்தால் அதைப் போட்டு, நெடுஞ்சாலையில் 25, 30 நிமிடம் எஞ்சினை ஓடவிடுங்கள். எண்ணெய் நன்றாகச் சூடேறினால் நீர் ஆவியாகிப் போய்விடும். செவர்லே வோல்ட் சுமார் ஆறு வாரம் எஞ்சின் ஓடாவிட்டால் தானே சிறிது நேரம் ஓட்ட அனுமதி கேட்கும்; தொட்டியிலிருக்கும் பெட்ரோல் ஏறக்குறைய ஓராண்டு பழசாகிவிட்டால் அதை எரித்துத் தீர்க்கவும் எஞ்சினைக் கிளப்பும். எரிச்சலாக இருக்கிறது என்று 'பிறகு' பொத்தானையே அழுத்துபவர்கள் தங்கள் எஞ்சினுக்கே கெடுதல் செய்கிறார்கள். தொட்டியை எப்போதும் நிரப்பிவைக்காமல் கால்வாசியோடு விட்டு, அவ்வப்போது புதிதாக ஊற்றுவது பெட்ரோலைப் புதிதாக வைத்திருக்கும். எண்ணெயைக் கிலோமீட்டர் பார்த்து மாற்றாமல் காலம் பார்த்து மாற்றுங்கள். வோல்ட் காருக்கு உச்சவரம்பு இரண்டு ஆண்டு. சுழலி எஞ்சின்கள் இயல்பிலேயே கொஞ்சம் எண்ணெயை எரிப்பவை. அளவுக்கம்பியை அடிக்கடி பார்க்க வேண்டும்.

தானாகக் கிளம்பும் எஞ்சின் என்பதை மறக்கக் கூடாது. வண்டி 'ரெடி'யில் இருக்க, பேட்டரி குறைந்தாலோ பராமரிப்பு நேரம் வந்தாலோ முன்னறிவிப்பின்றி ஓடத் தொடங்கும். பெல்ட் அருகே விரல் இருக்கலாம். மூடிய ஷெட்டாக இருந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், மணமே வராது. கைவைக்கும் முன் ஆஃப், சாவி தூரத்தில்.

இருசக்கர வண்டிக்காரர்களுக்கு

48 வோல்ட் ஸ்கூட்டரில் ஷாக் பயம் குறைவு: 13 செல் வரிசை முழுச் சார்ஜில் 54.6 வோல்ட், முன்பு சொன்ன 60 வோல்ட் எல்லைக்குள். 20 செல் உள்ள 72 வோல்ட் பேக் 84 வோல்ட் வரை போகும். அது எல்லைக்கு வெளியே. இரண்டுக்கும் பொது ஆபத்து ஷார்ட். முனைகளின் குறுக்கே விழுந்த ஸ்பேனரில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து உலோகம் உருகித் தெறிக்கும். மோதிரம், உலோகக் கைக்கடிகாரம் கழற்றி வையுங்கள். எம்.சி.பி.யை ஆஃப் செய்து பேக்கின் கனெக்டரையும் பிரித்துவிட்டே மற்ற வேலை.

வண்டி உதறி உதறிக் கிளம்பினால் முதலில் ஹால் சென்சரை (மோட்டார் எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் உணரி) சந்தேகியுங்கள். இந்த ஒரு சோதனைக்கு மட்டும் பேக்கை மாட்டி ஆன் செய்து, மோட்டாரின் மெல்லிய வயர்க் கொத்தில் சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே 5 வோல்ட் அளவு இருக்கிறதா பாருங்கள். பிறகு மீட்டரின் கறுப்பு முள்ளைக் கறுப்பில் வைத்து, சிவப்பு முள்ளை மற்ற மூன்று வயரில் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஒவ்வொன்றிலும் அளவு பூஜ்யம், 5, பூஜ்யம், 5 என்று குதிக்க வேண்டும். ஒரு வயர் மட்டும் ஒரே எண்ணில் நின்றால் அந்த சென்சர் போச்சு, அல்லது கனெக்டரில் அந்தப் பின் பின்வாங்கியிருக்கிறது. இரண்டாவதைத்தான் முதலில் பாருங்கள், செலவில்லாதது. சென்சர் மூன்றும் சரி என்றால், மறுபடி எல்லாவற்றையும் ஆஃப் செய்து, மூன்று தடித்த வயர்களைக் கன்ட்ரோலரிலிருந்து பிரியுங்கள். அவை ஒன்றையொன்று தொடாதபோது சக்கரம் எளிதாகச் சுற்ற வேண்டும். எந்த இரண்டைச் சேர்த்துத் தொட்டாலும் இறுகித் தடுக்க வேண்டும். பிரித்துவைத்த பிறகும் இறுகினால் மோட்டார் சுருளுக்குள் ஷார்ட். பிரித்தால் இலகுவாகி, கன்ட்ரோலரில் மாட்டினால் இறுகினால் கன்ட்ரோலருக்குள் மாஸ்ஃபெட் எரிந்திருக்கிறது.

பெரிய பேட்டரியைத் திறக்காமல் பார்ப்பது

ஓ.பி.டி. டாங்கிளும் அந்த வண்டிக்கான செயலியும் (நிஸான் லீஃபுக்கு லீஃப் ஸ்பை போல) இருந்தால் ஒவ்வொரு செல்லின் வோல்ட்டும் தெரியும். பாதிச் சார்ஜில், வண்டி ஓய்வாக இருக்கும்போது மிக உயர்ந்த செல்லுக்கும் மிகத் தாழ்ந்த செல்லுக்கும் 10, 20 மில்லிவோல்ட் வித்தியாசம் சாதாரணம். ஓய்வில் மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். சார்ஜ் 20 சதவீதத்துக்கு இறங்கியபின் இன்னொருவர் ஓட்ட, அழுத்தி முடுக்கும்போது பாருங்கள். எல்லாச் செல்லும் சேர்ந்து இறங்கினால் வயது. ஒரே ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 100 மில்லிவோல்ட்டுக்கு மேல் சரிந்து, ஒவ்வொரு முறையும் அதே செல்லாக இருந்தால் அது பலவீனம். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு போனால் பழுது பார்ப்பவருக்குப் பாதி வேலை மிச்சம். எல்.எஃப்.பி. (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகையில் நடுப்பகுதி வோல்ட் ஏறக்குறைய தட்டையாக இருப்பதால் 50 சதவீதத்தில் வித்தியாசமே தெரியாது. முழுச் சார்ஜின் கடைசியில்தான் பார்க்க வேண்டும். அந்த வகை பேட்டரிகளை அவ்வப்போது 100 வரை ஏற்றச் சொல்வதும் அதே காரணத்தால்தான்: கணினிக்குத் தன் கணக்கைச் சரிபார்க்க வேறு இடம் கிடைக்காது.

இதற்கு மேல் பேக்கின் மூடி. சர்வீஸ் பிளக்கை (பேக்கின் சுற்றைக் கையால் துண்டிக்கும் செருகி) உருவினாலும் இன்வெர்ட்டரின் கெப்பாசிட்டர்கள் வடியக் கையேடு சொல்லும் நேரம், பெரும்பாலும் 5 முதல் 10 நிமிடம், காத்திருக்க வேண்டும். பிறகு 1000 வோல்ட் கேட்-3 பாதுகாப்புத் தரமுள்ள மீட்டரை ஏற்கெனவே மின்சாரம் இருக்கும் ஓரிடத்தில் வைத்து வேலை செய்கிறதா என்று பார்த்து, ஆரஞ்சு முனையில் பூஜ்யம் என்று உறுதிசெய்து, மறுபடியும் அந்த முதல் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மீட்டர் நடுவில் செத்திருந்தாலும் பூஜ்யம்தான் காட்டும். கையில் 1000 வோல்ட் தாங்கும் 'கிளாஸ் 0' ரப்பர் உறை, போடும் முன் காற்றடைத்து ஓட்டை பார்த்தது. இவ்வளவும் செய்தாலும் பேக்கின் உள்ளே செல்கள் தங்கள் வோல்ட்டை விட்டுவிடுவதில்லை. அங்கே ஆஃப் என்ற நிலையே கிடையாது.